ஓட்டைக் காசு சொல்லும் பாடம்



உங்கள் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியோ, பாட்டியின் சுருக்குப் பையோ இருந்தால், ஒரு நாள் பெரியவர்களின் அனுமதி பெற்றுத் திறந்து பாருங்கள். பழைய சாவிகள், பொத்தான்கள் இவற்றுக்கு இடையே, நடுவில் வட்டமான ஓட்டை உள்ள, கறுத்துப்போன செம்புநிறக் காசு ஒன்று கிடைக்கலாம். அதில் 1943 முதல் 1947 வரை ஏதேனும் ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால், அதுதான் 'ஓட்டைக் காலணா'.

காசின் மேல் 'ஒரு பைசா' என்றுதான் இருக்கும். அந்தக் காலக் கணக்கில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு பைசா. அணாவில் கால் பங்கு என்பதால் நம் மக்கள் அதைக் காலணா என்றார்கள். ஓட்டை விழுந்ததும் ஓட்டைக் காலணா ஆயிற்று. ஒரு ரூபாய்க்கு இப்படி 64 காசுகள்.

இதைக் கண்டதும் பலருக்கு இரண்டு ஆசைகள் தோன்றும். ஒன்று, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது. மற்றொன்று, ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது. இரண்டையும் சற்று ஒத்திப்போடுங்கள். முதலில் ஒரு கேள்வி கேட்போம்: இந்த ஓட்டை ஏன்?

காலணாவின் கணக்கு

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. தோட்டா உறைகள், மின்கம்பிகள் எனப் போருக்குச் செம்பு ஏராளமாகத் தேவைப்பட்டது. காசு அடிக்கவோ அதே செம்புதான் வேண்டும். ஆகவே 1943-இல் காலணாவின் உருவமே மாற்றப்பட்டது. நடுவில் ஓட்டை வந்ததால் அரசரின் தலை உருவத்துக்கு அங்கே இடமில்லை. அதற்குப் பதிலாக மேற்புறத்தில் ஒரு சிறு மகுடம் மட்டும் இடம்பெற்றது.

ஓட்டை போட்டதால்தான் செம்பு மிச்சமாயிற்று என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஓட்டையால் எவ்வளவு மிச்சம்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

முந்தைய காலணாவின் விட்டம் 25.4 மி.மீ.; எடை சுமார் 4.9 கிராம். ஓட்டைக் காலணாவின் விட்டம் சுமார் 21.3 மி.மீ.; எடை சுமார் 2 கிராம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். 21.3-ஐ 25.4-ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் ஏறத்தாழ 0.70 கிடைக்கும். அதாவது, ஓட்டையே போடாமல், தடிமனையும் குறைக்காமல், விட்டத்தை மட்டும் குறைத்திருந்தாலே எடை 4.9 கிராமிலிருந்து சுமார் 3.4 கிராமாக இறங்கியிருக்கும். மீதிக் குறைவுக்கு ஓட்டையும் மெல்லிய தகடும் காரணம்.

இந்த மீதியில் ஓட்டையின் பங்கு எவ்வளவு? அதை உங்கள் காசைக் கொண்டு நீங்களே காணலாம். ஓட்டையின் விட்டத்தை அளந்து, காசின் விட்டத்தால் வகுத்து, விடையின் வர்க்கத்தைக் காணுங்கள். அதுதான் ஓட்டையால் மிச்சமான பங்கு. ஓட்டையின் விட்டம் காசின் விட்டத்தில் சரிபாதியாக இருந்தாலும் மிச்சமாவது கால் பங்கு உலோகம்தான்! உங்கள் விடையை 3.4 கிராமால் பெருக்கி, வருவதை 3.4 கிராமிலிருந்து கழித்துப் பாருங்கள். அதன் பிறகும் எஞ்சும் எடை 2 கிராமைவிட அதிகமாக இருந்தால், தகடும் மெலிந்திருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் ஓட்டையே இல்லாமல் இன்னும் சிறிய காசாக அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். மிகச் சிறிய காசு கையிலிருந்து நழுவும், எண்ணுவதும் கடினம். நடுவில் உள்ள உலோகத்தை எடுத்துவிட்டால் காசின் அகலம் பெரிதாக இருக்கும், எடையோ குறைவாக இருக்கும். இதுதான் ஓட்டையின் சூட்சுமம்.

ஓட்டைக்கு வேறு காரணங்கள்

எல்லா நாட்டு ஓட்டைகளுக்கும் உலோகச் சிக்கனம்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானின் 5 யென் காசை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளையால் ஆன அதன் விட்டம் 22 மி.மீ.; ஓட்டையின் விட்டம் 5 மி.மீ. மேலே சொன்ன முறைப்படி கணக்கிட்டால் மிச்சம் சுமார் 5 சதவீதம்தான். அந்தக் காசில் நெற்கதிர், நீர், ஓட்டையைச் சுற்றி ஒரு பல்சக்கரம் ஆகியவை இருக்கின்றன. அவை உழவு, மீன்பிடித்தல், தொழில் ஆகியவற்றைக் குறிக்கும். ஓட்டையையே சக்கரத்தின் அச்சுத் துளையாக்கிய அழகைப் பாருங்கள்!

அதே நாட்டின் 50 யென் காசு 1955-இல் வெளிவந்தபோது ஓட்டை இல்லை. பின்பு வந்த 100 யென் காசோடு அதைக் குழப்பிக்கொள்ள நேர்ந்தது. எனவே 1959-இல் அதற்கு ஓட்டை இடப்பட்டது. பார்வையற்றவர்கூட விரலால் தடவி இனம் காண முடியும். இங்கே ஓட்டை ஓர் அடையாளம். டென்மார்க்கின் 5 குரோன், நார்வேயின் 1 குரோன் காசுகளிலும் நீங்கள் ஓட்டையைக் காணலாம்.

சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சதுர ஓட்டைக் காசுகள் வழங்கின. அவை அடிக்கப்பட்டவை அல்ல. உருக்கி அச்சில் வார்க்கப்பட்டவை. வார்த்த காசின் விளிம்பில் பிசிறு இருக்கும். பல காசுகளை ஒரு சதுரக் கோலில் கோத்தால் அவை சுழலாமல் நிற்கும். விளிம்பை ஒரே மூச்சில் அராவிவிடலாம். அதன்பின் கயிற்றில் கோத்துச் சரமாக்கினால் எண்ணவும் சுமக்கவும் எளிது. கடல் வாணிகத்தின் வழியே இத்தகைய காசுகள் சோழ நாட்டுக்கும் வந்திருக்கின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் சில ஊர்களில் புதையலாக இவை கிடைத்துள்ளன.

விசித்திரமான காரணம் ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் காசுப் பஞ்சம். வந்த காசெல்லாம் கப்பல் வணிகர்களோடு வெளியே போய்விடும். 1813-இல் கவர்னர் மக்குவாரி 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்களின் நடுப்பகுதியை வெட்டி எடுக்கச் செய்தார். வெளி வளையம் 5 ஷில்லிங். உள்ளே இருந்த சிறு வட்டு 15 பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால், ஒரு டாலரிலிருந்து மொத்தம் 75 பென்ஸ் மதிப்புள்ள இரண்டு காசுகள் கிடைத்தன. ஓட்டை விழுந்த காசை வெளிநாட்டில் யாரும் முழு மதிப்புக்கு வாங்கமாட்டார்கள் அல்லவா? காசு ஊரிலேயே தங்கியது.

அக்கசாலை ஓட்டையா, ஆசாரி ஓட்டையா?

இன்னொரு வகை ஓட்டை உண்டு. காசுமாலையிலோ தாயத்துக் கயிற்றிலோ கோப்பதற்காகப் பிற்காலத்தில் இடப்பட்டது அது. இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி?

ஓர் உருப்பெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கசாலையில் இட்ட ஓட்டைக்கு எழுத்துகளும் உருவங்களும் இடம் விட்டு நிற்கும். ஓட்டை பெரும்பாலும் நடுவில் இருக்கும். அதன் விளிம்பும் காசின் மற்றப் பகுதிகளைப் போலவே தேய்ந்திருக்கும். பிற்காலத்தில் இட்ட ஓட்டையோ எழுத்தையோ உருவத்தையோ வெட்டிக்கொண்டு போகும். பெரும்பாலும் விளிம்பின் அருகே இருக்கும். ஒரு பக்கத்தில் உலோகம் பிதுங்கியிருக்கும்.

பிற்காலத்தில் துளையிட்ட காசுக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. ஆனால் நமக்கு அது பயனற்றதல்ல. யாரோ ஒரு தாய் தன் குழந்தைக்குக் கட்டிய காசாக அது இருக்கலாம். துளையின் மேற்புறம் மட்டும் நூல் அறுத்துத் தேய்ந்திருந்தால், நெடுநாள் தொங்கிய காசு அது என்று தெரிந்துகொள்ளலாம். பணம் அணியாக மாறியதற்கு அதுவே சாட்சி. அதற்காக நல்ல காசு ஒன்றை நீங்கள் துளையிடாதீர்கள். பழைய துளை ஒரு வரலாறு. நீங்கள் இடும் துளை ஒரு சேதம்.

எப்படிச் சேர்ப்பது?

சேகரிப்பு என்பது எண்ணிக்கை அல்ல. பத்துக் காசுகள் போதும். ஆனால் ஒவ்வொரு காசுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வேண்டும். நாடு, ஆண்டு, உலோகம், எடை, விட்டம், ஓட்டையின் விட்டம் ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றைவிட முக்கியமானது, அந்தக் காசு யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, எப்படி வந்தது என்பது. எடையை நூறு ஆண்டு கழித்தும் நிறுத்துக்கொள்ளலாம். "இந்தக் காலணாவுக்கு நான் பள்ளிக்கூட வாசலில் என்ன வாங்கித் தின்றேன் தெரியுமா?" என்று பாட்டி சொன்னதை இன்று எழுதாவிட்டால் பிறகு யாரைக் கேட்பீர்கள்?

சீனக் காசுகள் வாங்கும்போது எச்சரிக்கையாக இருங்கள். அதிர்ஷ்டக் காசு என்று விற்கப்படுபவற்றில் புதிதாகச் செய்த போலிகளே மிகுதி. மண்ணைத் தோண்டும்போது காசுகள் கிடைத்தால் மறைத்து வைக்கக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றி மாவட்டக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டுமல்ல, எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையில் காசு இருந்தது என்பது தெரிந்தால்தான் அது வரலாற்றுக்கு உதவும்.

புளியைத் தொடாதீர்கள்!

பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கினால் ஏன் பளபளக்கிறது? புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. குடத்துக்கு அது நல்லது. காசுக்கோ அந்தக் கறுத்த மேற்படலம் ஒரு சட்டை போன்றது. காற்றும் ஈரமும் உள்ளே உள்ள உலோகத்தை வேகமாகத் தாக்காமல் அது காக்கிறது. தேய்க்கும்போது படலத்தோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும். எண்பது ஆண்டுகளாகப் படிந்ததை ஒரு மாலைப்பொழுதில் அழித்துவிடலாம்; திரும்பக் கொண்டுவர முடியாது.

தூசி இருந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள், அது போதும். காசை முகத்தில் பிடிக்காமல் விளிம்பில் பிடியுங்கள். வியர்வையில் உள்ள உப்பு செம்பை அரிக்கும். வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் பொடி ஒரு காசில் தெரிந்தால் அதைத் தனியே பிரித்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள். குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்றுகொண்டிருப்பதன் அறிகுறி அது.

மெத்தென்று வளையும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளையும் தவிருங்கள். அந்த பிளாஸ்டிக் நாளடைவில் சிதைந்து, செம்பை அரிக்கும் அமிலத்தை வெளிவிடும். காசின் மேல் பச்சைப் பசை படியும். பாலியெஸ்டர் உறைகள் நல்லவை. ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு; அதனால் காசு கறுக்கும். பசை, செலோடேப் இரண்டும் கூடவே கூடாது.

காட்சி ஒன்று: ஓட்டைக்குள் ஒரு பதில்

இனிக் காசுகளை அழகாகக் காட்டும் வழியைப் பார்ப்போம். ஓட்டைக் காசுக்கு மட்டுமே உரிய ஒரு சிறப்பு உண்டு. அதன் வழியே பின்புறத்தைப் பார்க்கலாம்! அதையே நாம் பயன்படுத்துவோம்.

தேவையானவை: ஒரே அளவுள்ள இரண்டு அக்ரிலிக் தகடுகள், காசைவிடச் சற்றே தடித்த அமிலமற்ற அட்டை, ஒரு வெள்ளைத் தாள், வண்ணத் தாள்கள், நான்கு சிறு திருகாணிகள்.

அட்டையில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு வட்டச் சன்னல் வெட்டுங்கள். சன்னலின் விட்டம் காசைவிட 1 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். அட்டையை ஒரு தகட்டின்மேல் வைத்து, காசுகளைச் சன்னல்களில் இட்டு, மற்றத் தகட்டால் மூடி, மூலைகளில் திருகாணி முடுக்குங்கள். பசையில்லாமல் காசு அங்கேயே நிற்கும். சட்டத்தைத் திருப்பினால் மறுபக்கத்தையும் பார்க்கலாம்.

இப்போது வெள்ளைத் தாளில், ஒவ்வொரு காசின் ஓட்டைக்கும் நேராக ஒரு வண்ணப் பொட்டு ஒட்டுங்கள். உலோகச் சிக்கனத்துக்கான ஓட்டை என்றால் சிவப்பு, அடையாளத்துக்கு நீலம், கோப்பதற்குப் பச்சை, அணிக்கு மஞ்சள். இரண்டு காரணங்கள் இருந்தால் பாதிக்குப் பாதி இரு வண்ணம். இந்தத் தாளைப் பின் தகட்டுக்கு வெளியே செருகிவிடுங்கள். சாயம் காசைத் தொடாது. தாளை எடுத்துவிட்டுக் காசின் பின்புறத்தையும் காட்டலாம்.

பார்ப்பவர் முதலில் காசைக் காண்பார். பிறகு ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு நிறம் தெரிவதைக் கண்டு "இது என்ன?" என்று கேட்பார். அவரைக் கேட்கவைத்தாலே உங்கள் காட்சி வெற்றிதான். நியூ சவுத் வேல்ஸ் டாலர் விலை மிக்க அரும்பொருள். அதற்கு வெள்ளித் தாளில் வளையமும் வட்டும் வெட்டி, 'மாதிரி' என்று எழுதி வையுங்கள். மாதிரியை மாதிரி என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

காட்சி இரண்டு: தொங்கும் தராசு

இதற்குப் பழங்காசுகள் வேண்டாம். எளிதில் கிடைக்கும் இக்கால யென் காசுகள் போதும். 5 யென் காசின் எடை 3.75 கிராம், இப்போது வழங்கும் 50 யென் காசின் எடை 4 கிராம். 32 செ.மீ. நீளமுள்ள மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றின் ஒரு முனையருகே 5 யென் காசை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அதிலிருந்து 31 செ.மீ. தொலைவில், மறுமுனையருகே 50 யென் காசைக் கட்டுங்கள். குச்சியை எங்கே பிடித்தால் சமநிலையில் நிற்கும்?

கணக்கு எளிது. 3.75 × 16 = 60; 4 × 15 = 60. ஆகவே 5 யென் காசிலிருந்து 16 செ.மீ., 50 யென் காசிலிருந்து 15 செ.மீ. தொலைவில் நூலைக் கட்ட வேண்டும். குச்சிக்கும் எடை உண்டு என்பதால் நூலைச் சிறிது நகர்த்திச் சரிசெய்ய நேரிடும். எந்தப் பக்கம் நகர்த்த நேர்ந்தது, ஏன் என்று யோசித்து எழுதுங்கள். நெம்புகோல் விதி உங்கள் வீட்டுக் கூரையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்!

அந்தக் காசைப் பார்க்கும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் புவியீர்ப்பு மையம் அந்தப் பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டைக் காசின் மையம் உலோகமே இல்லாத வெற்றிடத்தில், ஓட்டையின் நடுவில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள்

1. ஓட்டைக் காசு ஒன்றைச் சூடாக்குவதாகக் கற்பனை செய்யுங்கள். உலோகம் விரிவடையும்போது ஓட்டை சிறிதாகுமா, பெரிதாகுமா?

2. 50 யென் காசின் விட்டம் 21 மி.மீ.; ஓட்டை 4 மி.மீ. ஓட்டையால் மிச்சமாகும் உலோகம் எத்தனை சதவீதம்?

விடைகள்: 1. பெரிதாகும். ஓட்டை இருந்த இடத்தில் உலோகம் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்துதானே விரிந்திருக்கும்! 2. சுமார் 3.6 சதவீதம்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் நாணயப் பகுதியைத் தவறாமல் பாருங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, பாட்டியின் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். காசு இன்னும் பல நூறு ஆண்டுகள் இருக்கும். அதன் கதை நிலைப்பது உங்கள் பேனாவில் இருக்கிறது.